கிராம் கணக்கு

மார்ச் 3

1,240.

மார்ச் 4

இன்குபேட்டர் பெட்டியின் பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கை விட்டு மகளைத் தொடச் சொன்னார்கள். அவள் உள்ளங்கை என் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கிறது. ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. போனில் பழைய ஆய்வுக் கோப்புகளைத் திறந்தேன். கடற்பறவைகளின் எடைப் பட்டியல் அப்படியே இருந்தது. 1,240க்கு மேலும் கீழும் யார் யார் என்று தேடினேன். மேலே பெரிய ஸ்குவா, சுமார் 1,400 கிராம். கீழே கில்லமாட், ஒரு கிலோ. கூடு கட்டாத மாதங்களிலும் பெரும்பாலும் வடக்குக் கடல்களை விட்டுப் போகாதவை இரண்டும். அதைப் படித்த பிறகு கொஞ்ச நேரம் கண் அசந்தேன்.

மார்ச் 6

1,150. முதல் வாரம் இறங்கத்தான் செய்யும் என்றார் சிஸ்டர். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன.

மார்ச் 7

பெட்டிக்குள் ஏன் இவ்வளவு சூடு என்று இவர் கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. இங்கே எழுதுகிறேன், படித்துக்கொள்ளட்டும்.

ஓர் உடம்பின் நீள அகல உயரத்தை இரண்டு மடங்காக்கினால் தோலின் பரப்பு நான்கு மடங்காகும், உள்ளே இருப்பது எட்டு மடங்காகும். சூட்டை உண்டாக்குவது உள்ளே இருப்பது, இழப்பது தோல். உடம்பு சிறுக்கச் சிறுக்கத் தோலின் பங்கு கூடிக்கொண்டே போகும். 1847இல் ஜெர்மன் உயிரியலாளர் பெர்க்மன் குளிர் நாட்டு விலங்குகள் பெருத்திருப்பதற்குச் சொன்ன காரணம் இதுதான். சேமித்த கொழுப்பும் சிறிய உடம்பில் சீக்கிரம் தீரும்.

குஞ்சு பறந்து போன பிறகு கடற்பறவையை எந்தக் கரையும் கட்டிப்போடுவதில்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம். அப்போது, இந்த உடம்பு எவ்வளவு குளிரை, எத்தனை நாள் பட்டினியைத் தாங்கும் என்ற கேள்வி வருகிறது. ஒன்றரைக் கிலோவைத் தாண்டும் பெரிய கருமுதுகுக் கடற்காகம் வடக்குக் கரைகளிலேயே குளிர்காலத்தைத் தள்ளிவிடும். இருநூறு கிராம்கூட இல்லாத சபைன் கடற்காகம் ஆர்க்டிக்கில் பொரித்துவிட்டு, ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கடலுக்கோ பெருவின் கடலுக்கோ போய்விடும்.

என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமே இதுதான். அதில் நான்கு ஸ்குவாக்களை ஒரு படத்தில் போட்டிருந்தேன். பெரியது ஐரோப்பாவை ஒட்டியும் வடமேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டியும் நின்றுவிடுகிறது. 700 கிராம் பொமரைன் வெப்பக் கடல்வரை வருகிறது. 450 கிராம் ஆர்க்டிக் ஸ்குவா நிலநடுக்கோட்டைத் தாண்டுகிறது. 300 கிராம்தான் இருக்கும் நீள்வால் ஸ்குவா இன்னும் தெற்கே. புள்ளிகள் ஒரே கோட்டில் விழுந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. படத்துக்குக் கீழே "சிறியது தொலைவு போகும்" என்று எழுதியிருக்கிறேன்.

அந்த வரியை இன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 8

1,120.

மார்ச் 9

ஆர்க்டிக் ஆலாவுக்கு நூறு கிராம்தான். போகுமிடம் அறிய 1.4 கிராம் கருவியைக் காலில் கட்டிவிட்டார்கள். 2010இல் முடிவு வந்தது: கிரீன்லாந்திலிருந்து அண்டார்க்டிகா போய்த் திரும்ப, சராசரியாக ஆண்டுக்கு 70,900 கிலோமீட்டர். எத்தனை பேரிடம் இதைப் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

அந்தக் கருவி எதையும் அனுப்பாது, பதிந்து மட்டும் வைத்திருக்கும். அடுத்த வருஷம் அதே பறவையைப் பிடித்துக் கழற்றினால்தான் உண்டு. அப்படியானால் நான் படித்த தூரமெல்லாம் திரும்பி வந்தவற்றின் தூரம். வராதவற்றுக்கு வரைபடத்தில் கோடே கிடையாது. இத்தனை வருஷம் இது எனக்கு உறைக்கவில்லை.

மார்ச் 10

அக்கா வந்தாள். எதுவும் கேட்கவில்லை. தலை வாரிவிட்டுப் போனாள்.

மார்ச் 11

லிட்டில் ஆக்.

காலையிலிருந்து இதே நினைப்பு. 160 கிராம். என் கோட்டின்படி அது நிலநடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். அது போவதில்லை. கிரீன்லாந்தின் தென்மேற்கிலும் நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய குளிர்ந்த கடலிலும் குளிர்காலம் முழுக்க மிதக்கிறது. அதன் இறக்கை குட்டை. நீருக்குள் துடுப்புப் போல வலிக்கத் தோதானது, ஆகாயத்தில் பறக்கச் செலவு அதிகம். குஞ்சு போனதும் பறக்கும் இறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் உதிர்ந்துவிடுகின்றன, சில வாரங்கள் பறக்கவே முடியாது. தின்பது இறால் வகைச் சிற்றுயிர்களான, எள்ளளவு இருக்கும் கோபிபாட்கள். குஞ்சு வளர்க்கும் காலத்தில் தாய்க்கோ தகப்பனுக்கோ ஒரு நாளைக்கு ஏறத்தாழ 60,000 வேண்டும். எண்ணிப் பார்த்தால் மயக்கம் வருகிறது. ஆனாலும் அந்தக் கடலில் அவை கோடிக்கணக்கில் இருக்கின்றன, அவற்றில் கொழுப்பு நிறைய. நெருக்கமான இறகுப் போர்வைக்குள் சின்ன உடம்பு ஓயாமல் எரிகிறது, ஓயாமல் தின்கிறது, தாக்குப்பிடிக்கிறது.

இதே குடும்பத்தில் ஏன்ஷியன்ட் மர்லெட்டுக்கு இருநூறு கிராம். கனடாவின் மேற்குக் கரையிலிருந்து பசிபிக்கைக் குறுக்கே கடந்து ஆசியாவின் கிழக்குக் கடல்கள்வரை போய்வருகிறது. ஏறக்குறைய ஒரே எடை. ஒன்று இருக்கிறது, ஒன்று போகிறது. எடை மட்டுமே தீர்மானித்துவிடுவதில்லை.

கோட்டைக் கெடுக்கிறது என்று லிட்டில் ஆக்கைப் படத்திலிருந்து நீக்கியிருந்தேன். அடிக்குறிப்பில்கூட வைக்கவில்லை. மன்னித்துக்கொள் தாயே.

மார்ச் 13

1,215.

மார்ச் 14

1,240! முதல் நாள் எண். தாழ்வாரத்தில் முன்பின் தெரியாத ஓர் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மார்ச் 16

ராத்திரி இரண்டு முறை மணி அடித்தது. மூச்சு விட மறந்துபோகிறாள். சிஸ்டர் பாதத்தில் சுண்டினால் நினைவு வருகிறது. நான் எதையும் படிக்கவில்லை. பறவையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

மார்ச் 18

இன்று இவர் நெஞ்சில் வைத்தார்கள். கங்காரு முறை. சட்டையைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கழுத்து வலித்திருக்கும், சொல்லவில்லை. அவள் மூச்சு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

கில்லமாட் குஞ்சு மூன்று வாரத்தில் பாறை விளிம்பிலிருந்து குதித்துவிடும். பெற்றோர் எடையில் கால் பங்குதான் இருக்கும், பறக்கும் இறகுகள் இன்னும் முளைத்திருக்காது. அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். கடலில் குரலை வைத்து ஒன்றையொன்று கண்டுகொள்ளும். பிறகு வாரக்கணக்கில் இரண்டும் நீந்தியே போகும். அப்பாவுக்கும் இறகு உதிர்ந்துபோவதால் அவராலும் பறக்க முடியாது. அம்மா காலியான பாறையில் இன்னும் சில நாள் இருப்பாள்.

நான் பக்கத்து அறையில் பால் பீய்ச்சிக்கொண்டிருந்தேன். 20 மில்லி.

மார்ச் 20

தொற்றாக இருக்கலாம் என்கிறார்கள். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். உள்ளே விடவில்லை.

ஆலாவின் காலில் இருந்த கருவி வெளிச்சத்தை மட்டும்தான் பதியும். பகலின் நீளத்தை வைத்து வடக்கு தெற்கு, நண்பகல் நேரத்தை வைத்துக் கிழக்கு மேற்கு. இன்றைய தேதியை ஒட்டி உலகம் முழுக்கப் பகலும் இரவும் ஒரே நீளம். முன்னும் பின்னும் சில வாரங்களுக்கு அது வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்று சொல்ல முடியாது. பறவை பாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும், நமக்குத்தான் தெரியாது. ஆய்வேட்டில் அந்த நாள்களை வெட்டிவிட்டு இரண்டு முனைகளையும் நேர்க்கோட்டால் இணைத்திருந்தேன்.

மார்ச் 21

விடவில்லை.

மார்ச் 22

தொற்று இல்லை. 1,350. பார்த்தேன். கால் கட்டைவிரலைத் தொட்டேன்.

மார்ச் 24

சூட்டி ஷியர்வாட்டர், 800 கிராம். நியூசிலாந்திலிருந்து வட பசிபிக் போய்த் திரும்ப ஏறத்தாழ 64,000 கிலோமீட்டர். நீண்ட இறக்கையை விரித்துக் காற்றில் வழுக்கியே போவதால் அந்த எடைக்கு அது முடிகிறது. வாண்டரிங் அல்பட்ராஸில் ஆண் கனம், பலத்த காற்று வீசும் தெற்குக் குளிருக்குப் போகும். பெண் இலேசு, இன்னும் வடக்கே திரியும். ஒரே கூட்டின் சோடி, கூடில்லாத மாதங்களில் கடல் வேறு வேறு.

பிறகு செங்கழுத்து ஃபலரோப். 35 கிராம், கட்டியது 0.6 கிராம் கருவி. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து, ஈக்வடார் பெரு பக்கத்துப் பசிபிக்கில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, 2013இல் அதே தீவுக்கு வந்து நின்றது. வந்து நின்றது என்ற இடத்தை நாலு தரம் படித்தேன்.

என்ன எழுதுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். எடை, என்றேன்.

மார்ச் 27

1,450. பெரிய ஸ்குவாவைத் தாண்டிவிட்டாள். படத்துக்குக் கீழிருந்த வரியை அழித்தேன். லிட்டில் ஆக்கின் புள்ளியைத் திரும்ப வைத்தேன். கோடு கெட்டுவிட்டது, கெடட்டும். புதிதாக எழுத வார்த்தை கிடைக்கவில்லை.

மார்ச் 28

நாளைக்குப் பெட்டியின் சூட்டை அரை டிகிரி குறைத்துப் பார்ப்பார்களாம். தொப்பி கொண்டுவரச் சொன்னார்கள். அக்கா பின்னிய மஞ்சள் தொப்பி பெரிதாக இருக்கிறது, ராத்திரிக்குள் மடித்துத் தைக்க வேண்டும்.