ரூட் கெனால் பில்லை கம்பெனி இன்சூரன்சில் வாங்கிய பாடு

ரூட் கெனால் (பல்லின் வேர் சிகிச்சை) நல்லபடியாக முடிந்தது, அந்தப் பல்லின் மேல் உறைபோல மாட்டும் கேப்பும் கச்சிதமாக உட்கார்ந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள்தான் தாவு தீர்ந்துவிட்டது. கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில் பல் டாக்டரிடம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள்.

சாதாரண மெடிக்கல் பாலிசியில் பல் வைத்தியம் பெரும்பாலும் வராது. விபத்தில் அடிபட்டு அட்மிட் ஆனால்தான் பேச்சு. சில கம்பெனிகள் ஊழியர்கள் எல்லோருக்கும் சேர்த்து எடுக்கும் குரூப் பாலிசியோடு, அட்மிட் ஆகாமல் பார்க்கும் வைத்தியத்துக்கு ஓபிடி என்று தனியாக ஒரு தொகை தருகிறார்கள். நமக்கு அதுதான் வழி. அதற்குள்ளும் பல்லுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும். ரூட் கெனாலுக்கு உண்டு, கேப்புக்குக் கிடையாது என்கிற கதையும் இருக்கும். எச்ஆரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டால் "டென்டல் எல்லாம் கவர் ஆகுமுங்க" என்பார்கள். அதை நம்பாமல் பாலிசி விவரத்தை மெயிலில் வாங்கி, கிரவுன் (கேப்பைத்தான் அப்படி எழுதுவார்கள்), காஸ்மெடிக் (அழகுக்காகச் செய்வது) என்ற வார்த்தைகள் எங்கே வருகின்றன என்று தேடிப் பாருங்கள்.

அடுத்தது பில். கிளினிக்கில் கொடுத்தது "டென்டல் ட்ரீட்மென்ட் - 11,500" என்று ஒற்றை வரி. க்ளெய்ம் போட்டதும், எதற்கு எவ்வளவு என்று பிரேக்-அப் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரிசப்ஷனில் போய் நின்றால், "சிஸ்டத்துல ஒட்டுக்காத்தானுங்க வரும், பிரிச்செல்லாம் போட முடியாதுங்க" என்று ஒரே பல்லவி. டாக்டர் சாயங்காலம்தான் வருவார். வந்தவர் இரண்டே நிமிடத்தில் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தார்: எக்ஸ்ரே 500, ரூட் கெனால் 4,500, கோர் பில்டப் (கேப் போடும் முன் பல்லை நிரப்பிக் கட்டுவது) 1,000, கேப் 5,500. இந்த நாலு வரி இல்லாமல்தான் அத்தனை அலைச்சலும். கடைசியில் கேப்பை மட்டும் வெட்டிவிட்டு 6,000 போட்டார்கள். ஒற்றை வரியாகவே கிடந்திருந்தால் அந்த ஆறாயிரமும் நின்றிருக்கும்.

பிரித்து எழுதினால் மட்டும் போதாது. எந்தப் பல் என்று நம்பர் வேண்டும். இடது பக்கக் கீழ்க் கடைவாயின் முதல் பெரிய பல் 36, வலது பக்கம் 46. பில்லில் ஒன்றும் எக்ஸ்ரேயில் வேறொன்றும் இருந்தால் அப்படியே நிறுத்திவைப்பார்கள். டாக்டரின் பதிவு எண் இன்னொரு வம்பு. பல கிளினிக்குகளில் ரூட் கெனால் செய்வதற்கென்று எம்டிஎஸ் (பல் மருத்துவ மேற்படிப்பு) படித்தவர் வெளியிலிருந்து வந்து போவார். வேலை செய்தது அவர், சீல் கிளினிக் டாக்டருடையது என்றால் அதற்கும் கேள்வி வரும். யார் செய்தாரோ அவர் பெயரும் எண்ணும் ப்ரிஸ்கிரிப்ஷனில் இருக்கட்டும்.

எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரில் காட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். ஆரம்பித்தபோது எடுத்தது, முடித்த பின் எடுத்தது இரண்டையும் பெயர், தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். இனிஷியல் வேறு இருக்கிறது. பாலிசியில் அப்பா பெயர் முழுசாக, கிளினிக் ஃபைலில் கூப்பிடும் பெயர் மட்டும் என்றால், அது நீங்கள்தான் என்று நிரூபிக்க ஒரு கடிதம் கேட்பார்கள். முதல் நாளே ஆதாரில் உள்ளபடி பெயர் எழுதச் சொல்லிவிடுங்கள். ரொக்கமாக 5,000க்கு மேல் கட்டினால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் வேண்டும். ஜிபேயில் கட்டினாலும் ரசீது வாங்குங்கள், ஸ்கிரீன்ஷாட்டை ஒத்துக்கொள்வதில்லை.

பாலிசி வருடம் முடிகிற மாதத்தில் ஆரம்பித்தால் தேதியிலும் கண் வைக்க வேண்டும். ரூட் கெனாலுக்கு ஒரு பில், அளவெடுத்து லேபுக்கு அனுப்பிப் போடும் கேப்புக்கு இன்னொரு பில் என்று அந்தந்தத் தேதியில் போடச் சொன்னால் இரண்டு வருடத் தொகையிலும் கேட்கலாம். தேதியை மாற்றிப் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம், எக்ஸ்ரே தேதி காட்டிக் கொடுத்துவிடும்.

கிளினிக்கில் நோ காஸ்ட் இஎம்ஐ (வட்டியில்லாத் தவணை) என்று ஒரு ஃபார்ம் நீட்டுவார்கள். அது கடன், சிபிலில் (நம் கடன் கணக்கைப் பதிந்துவைக்கும் இடம்) ஏறும். ப்ராசசிங் ஃபீஸ் 499 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 589 ஆகிவிடும். 12,000 ரூபாய்க்கு அது கிட்டத்தட்ட 5 சதவீதம். பைனான்ஸ் கம்பெனி மொத்தப் பணத்தையும் கிளினிக்குக்கு முதலிலேயே கொடுத்துவிடும். பாதியில் டாக்டரை மாற்றினாலும் தவணை நிற்காது. ரூட் கெனாலுக்குக் கையிலிருந்து கட்டிவிட்டு, கேப்பை அடுத்த சம்பளத்துக்குத் தள்ள முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரொம்பவும் தள்ளக் கூடாது, கேப் இல்லாத கடைவாய்ப்பல் கடிக்கும்போது பிளந்துவிடும்.

சம்பளம் 21,000க்குள் இருந்தால் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) பிடிப்பார்கள். இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் எழுதி வாங்கிக்கொண்டு சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நடுவில் இன்கிரிமென்ட் வந்து வரம்பைத் தாண்டினாலும் உடனே அறுந்துவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பிடித்த சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. கேப் அங்கேயே போடுவார்களா, வெளியில் போட வேண்டுமா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிலும் வராதவர்களுக்குப் பல் மருத்துவக் கல்லூரி. கோவையில் ஸ்ரீ ராமகிருஷ்ணா, சூலூர் பக்கம் ஆர்விஎஸ், குமாரபாளையத்தில் ஜேகேகே நடராஜா, திருச்செங்கோட்டில் கேஎஸ்ஆர், விவேகானந்தா. கட்டணம் குறைவு, நேரம்தான் அதிகம் பிடிக்கும். மாணவர் ஒவ்வொரு கட்டமும் ஆசிரியரிடம் காட்டித்தான் அடுத்ததைத் தொடுவார், அதனால் அரை நாள் லீவு போட்டுவிட்டே போங்கள். பரீட்சை நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள், நடுவில் ஆள் மாறிவிடுவார்.

சிர்கோனியா (பீங்கான் வகை) கேப் போட்டால் லேப் தருகிற வாரண்டி கார்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் பல் நம்பரும் கேப்பின் எண்ணும் இருக்கும். கேட்டால்தான் டிராயரிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள்.