நாற்பது மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்

டெல்லியில் ஹுமாயூன் கல்லறைக்குப் போகிற எல்லாரும் நேரே அந்தப் பளிங்குக் குவிமாடத்தைப் பார்த்துத்தான் நடப்பார்கள். அப்பா மட்டும் மேற்கு வாசலைத் தாண்டியதும் நடைபாதை வாய்க்கால் ஓரமாகக் குந்தி உட்கார்ந்துவிட்டார். ஆயுசெல்லாம் கொத்தனார் வேலை பார்த்தவர். குறுகலான கல் வாய்க்கால். விரலை விட்டால் பாதிதான் நனையும், அவ்வளவுதான் தண்ணீர்.

"ஏம்மா, இது நிக்குற தண்ணி மாதிரி இருக்கு, ஆனா ஓடுது. வாட்டம் எவ்வளவு வச்சிருக்காங்க?"

முந்தின ராத்திரிதான் படித்திருந்தேன். 40 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு. அப்பா இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். "மொட்டைமாடியில பத்தடிக்கு ஒரு இன்ச் வைப்போம். அப்பவும் மழை பெஞ்சா ஏதாவது ஒரு மூலையில தேங்கும். இது நூத்தி முப்பது அடிக்கு அரை இன்ச்சுகூட வரலையே!"

இந்தத் தண்ணீர் பல காலம் ஓடவே இல்லை. 1570 வாக்கில் கட்டி முடித்தபோது, சுமார் 30 ஏக்கர் தோட்டத்தை நான்காகப் பிரித்து, அதையும் மேலும் பிரித்து 36 சதுரங்களாக்கி, நடுவே வாய்க்கால் விட்டிருந்தார்கள். முகலாயர் கை தளர்ந்ததும், உள்ளே குடியேறியவர்கள் காய்கறி போட்டார்கள். 1860-இல் ஆங்கிலேயர் குளங்கள் இருந்த இடத்தில் வட்ட வட்டமாகப் பூப்பாத்தி கட்டினார்கள். வைஸ்ராய் கர்சன் காலத்தில் அதைத் திருத்தி வாய்க்கால்களுக்குச் சிவப்புக் கல் பதித்தார்கள். அப்புறம் 1947. பிரிவினையில் வீடிழந்து வந்த ஆயிரக்கணக்கானோருக்கு இந்த மதிலுக்குள்தான் முகாம். ஏறக்குறைய ஐந்து வருடம். புல்வெளியும் வாய்க்கால்களும் பாழாயின. அதை அழிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு ராஜாவின் தோட்டம் அத்தனை குடும்பங்களுக்குத் தங்க இடம் கொடுத்ததே, அதைவிட நல்ல காலம் அதற்கு வாய்த்திருக்குமா என்றுதான் தோன்றியது.

சுதந்திரத்தின் பொன்விழா ஆண்டான 1997-இல் ஆகா கான் அறக்கட்டளையும் இந்தியத் தொல்லியல் துறையும் மறுசீரமைப்பைக் கையில் எடுத்தன. 2003-இல் முடிந்தது. வாய்க்கால்களை முழுக்க மட்டம் பார்த்து மறுபடி பதித்தார்கள். தோண்டும்போது கண்ணில் பட்ட பழைய கிணறுகளைத் தூர்வாரினார்கள். மழைநீர் பூமிக்குள் இறங்க 128 குழிகள் வெட்டினார்கள். மா, எலுமிச்சை, வேம்பு, செம்பருத்தி, மல்லிகை என்று 2,500-க்கும் மேல் மரமும் செடியும் வைத்தார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்த வாய்க்கால் வேலைதான். கட்டடத்தைப் பழுது பார்த்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் பாராட்டுவார்கள். வாட்டம் சரியாக அமைந்ததை யார் கவனிக்கப் போகிறார்கள்? ஒரு கல் நூலளவு தூக்கி உட்கார்ந்தாலும் பின்னால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். அப்படி எத்தனை கல்லைத் தூக்கித் தூக்கி வைத்திருப்பார்கள்!

அப்பா கல் இணைப்பின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுத்தார். விரல் எங்கும் தட்டவில்லை.

"கை வேலைதான்மா. உளித்தடம் தெரியுது பாரு."

பார்த்தேன். மெஷினில் அறுத்த கல்லில் இருக்கும் வழவழப்பு இல்லை. சின்னச் சின்னப் பள்ளங்கள், வரிசை வரிசையாக.

தோட்டக்காரர் ஒருவர் கூடையோடு வந்து, மிதந்த சருகுகளை அள்ளிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு இந்தி தெரியாது. தண்ணீரைக் காட்டி, உள்ளங்கையைச் சமமாகப் பிடித்து, பிறகு மயிரிழை சாய்த்துக் காட்டினார். அவரும் சிரித்துக்கொண்டே தன் கையை அதே போலச் சாய்த்தார்.

சரி, உள்ளே போகலாம் என்று கூப்பிட்டேன். கீழே கிடந்த வேப்பிலை ஒன்றை எடுத்து வாய்க்காலில் போட்டார் அப்பா. இலை கொஞ்ச நேரம் நின்றது, பிறகு நகர ஆரம்பித்தது. அது போகும் வேகத்துக்கே அவரும் பக்கத்தில் நடந்து போனார். சதுரக் குளம் வந்து அதில் இலை விழும்வரை கல்லறையை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.