டீசல் மெக்கானிக் ஆகலாம் என்று நான் முடிவெடுத்தது எப்படி

டீசல் மெக்கானிக் வேலையில் இறங்கலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் குழம்பிக்கொண்டிருந்தேன். "இன்ஜின் பிடிக்குமா? அப்போ தைரியமா போ" என்றார்கள் சிலர். "இனி எல்லாம் பேட்டரி வண்டிதான், இந்த வேலைக்கு எதிர்காலம் இல்லை" என்றார்கள் வேறு சிலர். எதை நம்புவது என்று தெரியவில்லை. பயிற்சியில் சேருவதற்கு முன்னால், கனரக வண்டிகள் வரும் ஒரு ஒர்க்ஷாப்பில் அனுமதி கேட்டு ஹெல்பராக நின்று பார்த்தேன். இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

முதலில் கொடுத்த வேலைகள் எல்லா இடத்திலும் இருப்பவைதான். ஆயில் வடிப்பது, ஃபில்டர் மாற்றுவது, கிரீஸ் அடிப்பது, கழற்றிய பாகங்களைக் கழுவி வரிசை மாறாமல் அடுக்குவது. இவற்றை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியவில்லை.

என்னை இந்தத் தொழில் பக்கம் இழுத்தது ஒரு லாரி. ராத்திரி முழுக்க நின்றால் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகும் கொஞ்ச நேரம் திணறும். வேறொரு இடத்தில், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பை மாற்றி, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் கழற்றி சோதித்திருந்தார்கள். கோளாறு போகவில்லை. எங்கள் மூத்த மெக்கானிக் எடுத்த எடுப்பில் எதையும் பிரிக்கவில்லை. டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் டீசல் லைனை விரலால் தடவிக்கொண்டே போனார். அப்புறம் ஃபில்டருக்குப் பக்கத்தில் லைனைக் கழற்றி, இடையில் ஒரு துண்டு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாயைச் செருகி இன்ஜினை ஓடவிட்டார். குழாய்க்குள் பொடிப்பொடியாகக் குமிழிகள் ஓடின.

"தம்பி, இது பம்ப் உறிஞ்சுற பக்கம். இங்கே ஓட்டை இருந்தா டீசல் வெளியே ஒழுகாது, காத்துதான் உள்ளே போகும். நின்ன பிறகு லைன்ல இருக்கிற டீசல் மெதுவா டேங்குக்கே இறங்கிடும். காலையில எப்படி பிடிக்கும்?"

பிறகு டேங்கை ஒதுக்கிவிட்டு, ஒரு கேனிலிருந்து நேராக டீசல் கொடுத்தார். குமிழி நின்றது. லைனை ஒவ்வொரு துண்டாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டே வந்தார். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைச் சேர்த்ததும் குமிழி மறுபடி வந்தது. அதன் கிண்ணத்தைக் கழற்றினால், கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. புது ரிங் போட்டு, லைனுக்குள் இருந்த காற்றைக் கை பம்பால் வெளியேற்றியதும் வேலை முடிந்தது. மறுநாள் காலையில் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்த ஓ-ரிங்கை நான் நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படி ஒரு கோளாறின் பின்னாலேயே பொறுமையாக நடந்துபோக எனக்குப் பிடித்திருந்தது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினைந்து, இருபது மடங்கு அளவுக்கு அழுத்தும்போது அதன் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1890களில் ஓட்டிக் காட்டிய இன்ஜினின் அடிப்படை இன்றைக்கும் இதுதான். அதனால் கேள்விகளும் தெளிவாக இருக்கின்றன. காற்று போதுமா? கம்ப்ரெஷன் இருக்கிறதா? டீசல் சரியான நேரத்தில், சரியான அளவில் வருகிறதா? கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது கூலன்ட் உள்ளே கசிகிறது.

ஆனால் உடம்பைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருந்தது. வயதான மெக்கானிக்குகளிடம் முட்டியும் முதுகும் எப்படி இருக்கின்றன என்று நேரடியாகவே கேட்டேன். நிறைய பேர் வலியைப் பற்றித்தான் பேசினார்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012இல் உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. மூடிய இடத்தில் இன்ஜினை ஓட்டும்போது புகையை வெளியேற்றும் குழாய் மாட்டுகிறார்களா என்பதை வைத்தே ஒரு ஒர்க்ஷாப்பை எடைபோடலாம் என்பது என் கருத்து.

எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜின்களில் அது 2000 பார் அழுத்தம் வரைக்கும், சிலவற்றில் அதற்கும் மேலே போகிறது. ஊசிமுனை அளவு கசிவில் கையை வைத்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்க்க முள் குத்தின மாதிரிதான் இருக்கும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரிடலாம். கசிவு இருக்கிறதா என்று அட்டையைக் காட்டித்தான் பார்க்க வேண்டும், கையால் தடவவே கூடாது. குறைந்த அழுத்த லைனைத் தடவலாம், இதைத் தொடக்கூடாது என்ற வித்தியாசத்தை முதல் நாளிலேயே சொல்லித்தந்தார்கள். அப்படிச் சொல்லித்தராத இடத்தில் நான் நின்றிருக்க மாட்டேன்.

சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான், டூல்ஸை நாமே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

பேட்டரி வண்டி விஷயம்தான் என்னை அதிகம் உறுத்தியது. சின்ன வண்டிகள் வேகமாக மாறுகின்றன, அதை மறுக்க முடியாது. கப்பல், சுரங்க இயந்திரம், ஜெனரேட்டர், நெடுந்தூர லாரி இவையெல்லாம் அவ்வளவு சீக்கிரம் டீசலை விடாது என்று நினைக்கிறேன். அதைவிட எனக்கு நம்பிக்கை தந்தது, டீசல் வேலையிலேயே பாதி இப்போது மின்சார வேலையாகிவிட்டது என்பது. புகை வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் 32.5 சதவீத யூரியா கரைசல், நைட்ரஜன் ஆக்சைடு சென்சார் என்று புகைப் பக்கம் மட்டுமே ஏகப்பட்ட ஒயரிங். ஒரு லாரியில் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசாமல் நின்றபோது, பேட்டரியைத் துண்டித்துவிட்டு அந்தக் கம்ப்யூட்டர்களை இணைக்கும் கேன் (CAN) லைனின் இரண்டு ஒயர்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்தார்கள். இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இணையாக (பேரலல்) இருப்பதால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டியது. ஏதோ ஓரிடத்தில் லைன் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். ஓ-ரிங்கைத் தேடின அதே பொறுமையோடு அந்த ஒயரையும் தேடினோம். இந்தத் திறமை பேட்டரி வண்டிக்கும் அப்படியே பயன்படும்.

ஸ்கேனர் ஒரு கோளாறு எண்ணை (கோட்) காட்டியதுமே அந்தப் பாகத்தை மாற்றிவிட்டு அடுத்த வண்டிக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்த வேலை சீக்கிரம் அலுத்துவிடும் என்று தோன்றுகிறது. எனக்கு அது அலுக்காது என்று தெரிந்ததும் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். இன்ஜின் ஓவராலிங் பிரிவைத்தான் எல்லோரும் முதலில் கேட்டார்கள். நான் எலக்ட்ரிகல் பிரிவைக் கேட்டு வாங்கினேன். என் சொந்தக் காசில் முதலில் வாங்கியது ஒரு நல்ல மல்டிமீட்டர், இரண்டாவது, நட்டைச் சரியான இறுக்கத்தில் முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச்.