உப்புத் தொட்டியில் உள்ளலை: சாய்தளத்தில் பட்டதும் கதிர் மெலிந்தது

உள்ளலை என்பது நீரின் மேற்பரப்பில் அல்லாமல், ஆழத்துக்கேற்ப அடர்த்தி மாறும் நீருக்குள்ளேயே பரவும் அலை. வீட்டில் அதை உண்டாக்கி, ஒருவழியாகத் திரையில் பார்த்துவிட்டேன். தொட்டிக்குள் ஆடும் உருளையிலிருந்து நான்கு அலைக்கதிர்கள் பெருக்கல் குறியாக விரிந்தன. வலப்பக்கம் கீழே இறங்கிய கதிர் அக்ரிலிக் சாய்தளத்தில் பட்டு, மெலிந்து, மேலே ஏறியது. பெரிய அலையின் ஆற்றல் சின்ன அலைகளுக்கு இறங்குவதை வீட்டுக்குள்ளேயே பார்க்க முடிகிறது!

தொட்டி 90 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், தண்ணீர் 25 செ.மீ. கொளத்தூரில் மீன்தொட்டி செய்கிறவரிடம் சொல்லிச் செய்தது. இந்த அகலத்தில் யாரும் மீன் வளர்க்க மாட்டார்கள் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

இந்த வேலையில் உயிரே அடர்த்தி ஏற்றத்தில்தான் இருக்கிறது. மேலே நல்ல தண்ணீர், கீழே போகப்போக ஒரே சீராக உப்பு ஏற வேண்டும். இதற்கு இரட்டை வாளி முறை: உப்புத் தண்ணீர் ஒரு வாளியிலிருந்து குழாய் வழியாக நல்ல தண்ணீர் வாளிக்கு வந்து கலந்து, அங்கிருந்து தொட்டியின் அடிக்கு மெல்ல இறங்கும். ஆனால் பலர் சொல்லாமல் விடும் ஒன்று இருக்கிறது. இரண்டு வாளியிலும் ஒரே மட்டத்துக்கு நிரப்பி இணைப்புக் குழாயின் கிளிப்பைத் திறந்தால், கனமான உப்புத் தண்ணீர் உடனே நல்ல தண்ணீர் வாளிக்குள் பாய்ந்துவிடும். தொட்டிக்கு ஒரு சொட்டு போவதற்கு முன்பே கலவை கெட்டது. உப்புத் தண்ணீரின் அடர்த்தி நல்ல தண்ணீரைப்போல் 1.05 மடங்கு என்றால் நல்ல தண்ணீர் 30 செ.மீ. நிற்கும்போது உப்பு வாளி 28.5 செ.மீ. நின்றால்தான் அடியில் அழுத்தம் சமம். அந்த ஒன்றரை செ.மீட்டரை ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டே கிளிப்பில் கை வையுங்கள். வாளிகள் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கட்டும். கலக்கும் துடுப்பு நீர்மட்டத்துக்கு நன்றாகக் கீழே சுழலட்டும், காற்றுக் குமிழி உள்ளே போகக் கூடாது. நிமிடத்துக்கு 300 மி.லி.க்கு மேல் விடாதீர்கள். அவசரப்பட்டால் அடுக்கு கலைந்துவிடும்.

உப்பு விஷயத்தில் எனக்குத் தீராத எரிச்சல். பாக்கெட் தூள் உப்பில் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருளால் தண்ணீர் பால் மாதிரி கலங்கும். கல் உப்பில் மண். கல் உப்பைக் கரைத்து, ஒரு ராத்திரி தெளியவிட்டு, துணியில் வடிகட்டுவதே மேல். 22 லிட்டருக்கு 1.6 கிலோ போட்டேன்.

நிரப்பியதும் ஊசிக்குழாயால் வெவ்வேறு ஆழத்தில் மாதிரி எடுத்து எடைபோட்டேன். கோடு நேராக வந்தது. மிதப்பு அதிர்வெண் (இந்த அடுக்கில் தண்ணீரை மேலோ கீழோ தள்ளிவிட்டால் அது தானாக ஆடும் வேகம்) நொடிக்கு 1.4 ரேடியன், அதாவது ஒரு ஆட்டத்துக்கு 4.5 நொடி. ரிட்சி தெருவில் வாங்கிய 10 ஆர்.பி.எம். கியர் மோட்டார் 6 நொடிக்கு ஒரு சுற்று. இரண்டின் விகிதம் 0.75, அப்படியானால் கதிர் கிடைமட்டத்துக்கு 48 பாகையில் சாய வேண்டும். திரையில் பாகைமானி வைத்தேன், அதேதான். மோட்டார் 13 ஆர்.பி.எம்.மைத் தாண்டினால் கதிரே கிளம்பாது, உருளையைச் சுற்றி வெறும் நடுக்கம்தான்.

படம் பிடிப்பதற்குத் தொட்டிக்குப் பின்னால் புள்ளித் தாள், அதற்கும் பின்னால் எல்.இ.டி. பலகை. அலை போகும் இடத்தில் அடர்த்தி மாறி ஒளி வளைவதால் புள்ளிகள் நகர்ந்ததுபோல் தெரியும். போனில் ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டு, அசையாத படத்தை ஒவ்வொரு படத்திலிருந்தும் பைத்தான் நிரலில் கழிக்கிறேன். மின்விசிறி ஓடினால் காற்றே புள்ளிகளை ஆட்டிவிடும், அதனால் வேர்வையில் குளித்தபடிதான் வேலை. ஆனால் மேல்நோக்கிப் போகும் கதிருக்குள் பட்டைகள் கீழ்நோக்கி நகர்வதைப் பார்த்த பிறகு அதெல்லாம் மறந்துபோகிறது. ஆற்றல் மேலே, அலையின் முகடும் பள்ளமும் கீழே!

சரி, சாய்தளத்துக்கு வருவோம். உள்ளலையின் சாய்வை அதன் அதிர்வெண்தான் முடிவுசெய்கிறது, மோதும் சுவர் அல்ல. ஆகவே 30 பாகைச் சாய்தளத்தில் பட்டாலும் கதிர் அதே 48 பாகையில்தான் திரும்பும். அந்தக் கோணத்தைக் காப்பாற்ற அகலத்தை விட்டுக்கொடுக்கிறது. கணக்குப்படி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, நீரோட்ட வேகம் மூன்று மடங்காகி, பக்கத்துப் பக்கத்து அடுக்குகளுக்கிடையே வேகம் மாறும் விகிதம் பத்து மடங்காக வேண்டும். எனக்குப் பாதியளவுதான் சுருங்கியது. இவ்வளவு சின்னத் தொட்டியில் மெல்லிய கதிரைப் பாகுத்தன்மை பரப்பிவிடுகிறது. கடலில் அந்தத் தடை இல்லை. அங்கே கடலடிச் சரிவுகளில் இப்படி நெருங்கும் அலைகள் கவிழ்ந்து உடைந்து, அடித் தண்ணீரையும் மேல் தண்ணீரையும் கலக்குகின்றன. ஓதங்கள் (கடலின் ஏற்றவற்றம்) இழக்கும் சுமார் 3.5 டெராவாட்டில் (ஒரு டெராவாட் என்பது லட்சம் கோடி வாட்) ஏறத்தாழ 1 டெராவாட் ஆழ்கடலில் செலவாகிறது என்று 2000இல் ஆய்வாளர்கள் எக்பர்ட்டும் ரேயும் செயற்கைக்கோள் தரவிலிருந்து காட்டினார்கள். அந்தச் செலவில் பெரும்பகுதி உள்ளலைகள் வழியாகத்தான்.

அடுத்து எனக்கு வேண்டியது, அலை தானாகவே பாதி அதிர்வெண் கொண்ட சின்ன அலைகளாகப் பிளப்பது. கடலில் 12.42 மணிக் காலச் சந்திர ஓதத்துக்கு இது பூமத்திய ரேகையின் இருபுறமும் சுமார் 29 பாகை அட்சரேகைக்குள்தான் நடக்கும். வங்காள விரிகுடா முழுக்க அதற்குள் அடக்கம். சுழலாத தொட்டியில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது, வலுவான கதிர் இருந்தால் போதும். உருளைக்குப் பதில் அலையலையாக மடித்த தகடு செய்ய வேண்டும். அதற்கப்புறம் கடல் சுழல்களையும் செய்து பார்க்க, பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் தொட்டியைச் சுழற்றும் மேசையே வேண்டும், 45 கிலோ தண்ணீரைத் தாங்கும் பேரிங்குக்கு விலை கேட்டிருக்கிறேன். அதுவரை இதே அடுக்கில் சாய்தளத்தை 40 பாகைக்கு ஏற்றிப் பார்க்கிறேன். உப்பு ஊடுருவி அடுக்கு மழுங்குவதற்கு இன்னும் சில நாள் அவகாசம் இருக்கிறது.