ஒரு சின்னக் கம்பியும் எட்டு மாத ஜாமும்

போன ஞாயிற்றுக்கிழமை என் பாயிண்ட் 22 பிஸ்டலில் 200 ரவுண்டு, அதாவது 200 தோட்டா, சுட்டேன். ஒரு ஜாம் கூட இல்லை, எதுவும் சிக்கவில்லை. இதெல்லாம் ஒரு சேதியா என்று மற்ற பாயிண்ட் 22-காரர்கள் சிரிக்கலாம். இருபது ரவுண்டுக்கு ஒரு முறை, ஜாம் ஆகிவிட்டது என்று இடது கையைத் தூக்கிக்கொண்டு ரேஞ்ச் ஆபீசர் முகத்தைப் பார்த்து நின்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். சுட்டு முடித்ததும் பக்கத்து லேன் அண்ணன், "என்னப்பா, இன்னைக்கு ஒரு தடவை கூட கையைத் தூக்கல, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

பிஸ்டலின் பிராண்டைச் சொல்லப் போவதில்லை. தப்பு பிராண்டின் மேல் இல்லை, அதனால். மேகசின் கைப்பிடிக்குள் போகிற வகை, பத்து ரவுண்டு. இடது பக்கம் ஒரு சேஃப்டி நெம்புகோல். சேம்பரில், அதாவது தோட்டா உட்காரும் அறையில், ரவுண்டு இருந்தால் வெளியே தலை நீட்டும் ஒரு சின்ன இண்டிகேட்டர். மேகசின் இல்லாமல் சுடாது. செகண்ட் ஹேண்ட். எனக்கு முன் வைத்திருந்தவரும் எங்கள் மாவட்டத்துக்காரர்தான். அவரும் இந்தக் கதையில் பிறகு வருவார்.

வாங்கிய புதிதில் ஒழுங்காகத்தான் ஓடியது. அப்புறம் ஆரம்பித்தது. முதலில் ஸ்டவ்பைப், அதாவது சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளை உறையான காலி கேஸ் பாதி வெளியே வந்து, முன்னும் பின்னும் ஓடும் போல்ட்டின் வாயில் புகைக்குழாய் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். பிறகு கேஸ் சேம்பரை விட்டு வரவே மாட்டேன் என்றது. ரேஞ்சில் கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம். மேகசினை மாற்று என்றார் ஒருவர். மணிக்கட்டைத் தளர விடுகிறாய் என்றார் இன்னொருவர். ரவுண்டை மாற்று என்று கோச் சொன்னார். மூன்றையும் செய்தேன். மூன்று பிராண்டு ரவுண்டு, இரண்டு புது மேகசின். பர்ஸ் இளைத்தது, ஜாம் இளைக்கவில்லை.

என் சந்தேகம் வெயில் மேல் இருந்தது. பாயிண்ட் 22 தோட்டாவின் ஈயத் தலை, கேஸின் அதே தடிமனில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதன் மேல் பூசிய மெழுகும் வெளியேதான். தொட்டால் கையில் ஒட்டும். நான் ஞாயிறு விடியற்காலை வேலூரில் கிளம்பி, வாலாஜா டோல் தாண்டி, சென்னைப் பக்கம் 140 கிலோமீட்டர் போய்ச் சுடுகிறவன். திரும்பும்போது மதியம். நடுவில் சாப்பிட வண்டியை நிறுத்தினால், உள்ளே இருக்கிற ரவுண்டு பெட்டி வெந்துவிடும். மே மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்தால் மெழுகு கசிந்து பிளாஸ்டிக் தட்டெல்லாம் பிசுபிசு. அந்த மெழுகோடு புகைக்கரியும் சேர்ந்து சேம்பர் விளிம்பில் கறுப்பு வளையமாகக் கட்டிக்கொள்கிறது. வெயிலூர் வெயில்தான் குற்றவாளி என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். தெர்மாகோல் பெட்டி வாங்கினேன். சேம்பரை ஒவ்வொரு 50 ரவுண்டுக்கும் துடைத்தேன். ஜாம் கொஞ்சம் குறைந்தது. நிற்கவில்லை.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்து நோட்டு போட்டேன். 600 ரவுண்டுக்கு 31 கோளாறு. 19 ஸ்டவ்பைப், 8 கேஸ் சிக்கியது, 4 மிஸ்ஃபயர், அதாவது டிரிகரை அழுத்தியும் வெடிக்காதது. மிஸ்ஃபயரை விட்டுவிடலாம். பாயிண்ட் 22 மாதிரி விளிம்பில் அடித்து வெடிக்கிற ரிம்ஃபயர் தோட்டாவில் வெடிமருந்துக் கலவை விளிம்புக்குள் சுற்றிலும் ஒரே சீராகப் பரவ வேண்டும். எங்காவது ஒரு இடத்தில் விட்டுப்போயிருந்து, பிஸ்டலுக்குள் தோட்டாவை அடிக்கும் ஊசியான பின் அங்கேயே அடித்தால் வெடிக்காது. அப்படி ஆனால் பிஸ்டலை டார்கெட் பக்கமே வைத்துக்கொண்டு முப்பது நொடி எண்ணுகிறேன். தாமதமாக வெடிக்கிற ரவுண்டும் உண்டு. ரேஞ்ச் ஆபீசர் அனுமதியோடு அந்த நான்கையும் வேறு பக்கம் திருப்பி வைத்து அடித்தபோது நான்கும் வெடித்தன. ஆக, பின்னில் குறையில்லை.

மீதி 27 கேஸ்களையும் பொறுக்கி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாட்ச் ரிப்பேர் பாய் ஒருவர் இருக்கிறார். கண்ணில் இடுக்கிக்கொள்ளும் அவருடைய லென்ஸை ஒரு நாள் இரவல் கேட்டேன். "பிஸ்டலை மட்டும் இங்க எடுத்துட்டு வந்துடாதீங்க தம்பி" என்று சொல்லித்தான் கொடுத்தார். ராத்திரி டைனிங் டேபிளில் உட்கார்ந்து ஒவ்வொரு கேஸாகப் பார்த்தேன். பின் அடித்த பள்ளத்துக்கு நேர் கீழே, கேஸின் உடம்பில், ஒரு மெல்லிய கீறல். இரண்டாவது கேஸிலும் அதே இடம். பதினைந்தாவதிலும் அதே இடம். எல்லாக் கேஸையும் பள்ளம் மேலே வரும்படி வரிசையாக நிறுத்தினால், கீறல்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அதற்குள் மனைவி வந்து, "சாப்பிடற மேஜையில ஈயம் வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது" என்றதால் ஆராய்ச்சி மொட்டைமாடிப் படிக்கட்டுக்கு இடம் மாறியது.

அப்படியானால் சேம்பர் விளிம்பில், பின் விழுகிற அதே இடத்தில், ஏதோ துருத்திக்கொண்டு கேஸைக் கீறுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். இருந்தது. விளிம்பில் நகத்தால் அழுத்தியது மாதிரி ஒரு பள்ளம். அந்த இடத்து உலோகம் பிதுங்கி சேம்பருக்கு உள்பக்கம் தள்ளியிருக்கிறது. இயர் பட்ஸை விட்டு இழுத்தால் பஞ்சு மாட்டுகிறது. சுடும்போது கேஸ் விரியும், அந்தப் பிதுக்கத்தில் உராயும், போல்ட் பின்னால் போகிற வேகம் குறையும். கேஸ் பாதியில் நிற்காமல் என்ன செய்யும்?

பள்ளம் எப்படி வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. சேம்பரில் ரவுண்டு இருந்தால் பின் பித்தளை விளிம்பில் அடித்து நின்றுவிடும். காலியாக இருக்கும்போது டிரை ஃபயர் செய்தால், அதாவது தோட்டா இல்லாமல் டிரிகரை அழுத்திப் பழகினால், எஃகில் போய் அடிக்கும். அதைத் தடுக்கத்தான் போல்ட்டுக்குள் குறுக்கே ஒரு ஸ்டாப் பின் இருக்கும். தீக்குச்சியில் பாதி நீளம் கூட இருக்காது, எதிலும் இறுக்கமாகப் பூட்டியிருக்காது, போல்ட்டை வெளியே எடுத்துக் கவிழ்த்தால் தானாக விழுந்துவிடும். அது இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் கம்பெனி மேனுவலில் டிரை ஃபயர் செய்யலாம் என்று போட்டிருக்கிறது. நானும் தினம் ஐம்பது முறை, சாய்பாபா படத்துக்குப் பக்கத்துச் சுவரைக் குறிபார்த்து அழுத்திக்கொண்டிருந்தேன். என் போல்ட்டைப் பிரித்தால் அந்தக் கம்பியே இல்லை. ஓட்டை மட்டும் இருக்கிறது.

முன்பு வைத்திருந்தவருக்குப் போன் போட்டேன். அவர் மறைக்கவே இல்லை. 2019 மக்களவைத் தேர்தலுக்காக மார்ச்சில் பிஸ்டலைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்கிறார். தமிழ்நாட்டில் வேலூருக்கு மட்டும் ஏப்ரல் 18 வாக்குப்பதிவு ரத்தாகி ஆகஸ்ட் 5-க்குப் போனது நம் ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. நடுவில் போய் எடுத்துவருவானேன் என்று இவர் விட்டுவிட்டார். ஆகஸ்டில் கைக்கு வந்தபோது அங்கங்கே துருப்புள்ளி. எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்துத் திரும்பப் பூட்டியிருக்கிறார். "கடைசியில ஒரு சின்னக் கம்பி மிஞ்சுச்சு பா. அதில்லாமயே வேலை செஞ்சுது. சரி, எக்ஸ்ட்ரா போலன்னு ஒரு டப்பாவுல போட்டேன்" என்றார். அவரிடம் கோபித்துக்கொள்ளத் தோன்றவில்லை. பாதிப் பள்ளம் என் கைங்கரியம். வாங்கியவுடன் போல்ட்டைப் பிரித்துப் பார்க்காதவன் நான்தானே. இந்த வகை பிஸ்டலைப் பிரிப்பது சுலபம், பூட்டுவது கொடுமை என்று பயந்தே தள்ளிப்போட்டேன். பிஸ்டலுக்குள் பின்னை அடிக்கும் சுத்தியலின் பின்னால் இருக்கும் குச்சி சரியான இடத்தில் விழும்வரை பிஸ்டலைத் தலைகீழாகவும் நேராகவும் ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் இரண்டு முறை டிரிகரை அழுத்த வேண்டும், அதற்குக் காலி மேகசின் உள்ளே இருந்தாக வேண்டும். பாதுகாப்புக்கென்று வைத்த ஏற்பாடு இது. துடைக்கிறவன் சேம்பரை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டே மேகசினைச் செருகி எடுக்க வேண்டியிருக்கிறது.

ராணிப்பேட்டை சிப்காட்டில் லேத் வைத்திருக்கும் மச்சான், "இது ஒரு வேலையா, பத்து நிமிஷத்துல கடைஞ்சு தரேன்" என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். துப்பாக்கியை ரிப்பேர் செய்யவே லைசென்ஸ் வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டம். மச்சானை ஏன் வம்பில் மாட்டுவது? சென்னையில் லைசென்ஸ் உள்ள டீலர் வழியாகப் புதுக் கம்பிக்குச் சொல்லி, ஐந்து வாரம் காத்திருந்தேன். சேம்பர் வேலையையும் அங்கே இருக்கும் ரிப்பேர்காரரே செய்தார். நான் அரம் போட்டுத் தேய்ப்பார் என்று பயந்தேன். தேய்த்தால் விளிம்பு இன்னும் பெரிதாகும். அவர் செய்தது வேறு. கூராகச் சரிந்த ஒரு எஃகுத் தடியைச் சேம்பருக்குள் விட்டு, பிதுங்கிய உலோகத்தை வந்த இடத்துக்கே அழுத்தித் தள்ளினார். சேம்பர் அயர்ன் என்று பெயராம். துணிக்கு இஸ்திரி போடுகிற மாதிரி, அவசரமே இல்லாமல், கால் மணி நேரம். இயர் பட்ஸ் விட்டு இழுத்துக் காட்டினார். மாட்டவில்லை.

கம்பி வந்த அதே வாரம், பிஸ்டலை முன்பு வைத்திருந்தவர் போன் செய்தார். டப்பா கிடைத்துவிட்டதாம்.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜாம் உச்சத்தில் இருந்தபோது ஒரு நாள், கேஸ் சிக்கி, மேகசினை எடுத்துவிட்டு, போல்ட்டை இரண்டு முறை இழுத்துவிட்டேன். இண்டிகேட்டர் தலை உள்ளேதான் இருந்தது, அதாவது சேம்பர் காலி என்று அர்த்தம். பழக்கத்தில் மூன்றாவது முறையும் இழுத்தேன். முழு ரவுண்டு ஒன்று துள்ளி மேஜையில் விழுந்தது. மெழுகும் கரியும் ஏறி இண்டிகேட்டர் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஜாமுக்குத் துணைபோன அதே அழுக்கு, காலி என்று பொய்யும் சொல்லியிருக்கிறது. அன்று நாக்கு வறண்டுபோனது. இப்போது அந்த இண்டிகேட்டரைப் பார்ப்பதே இல்லை. போல்ட்டைத் திறந்து பூட்டி, கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் நுனியால் தொட்டு, பிறகு சேம்பர் காலி என்று காட்டச் செருகும் ஆரஞ்சுக் கொடி. கொடிக்குக் கடையில் காசு கொடுக்காதீர்கள். புல் வெட்டும் மெஷினுக்குப் போடும் ஆரஞ்சு நைலான் நரம்பு விவசாயக் கருவிக் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். என்னுடைய வாழ்நாள் கொடி முழுவதும் ஒரே சுருளில் இருக்கிறது.

சேஃப்டி நெம்புகோலையும் அப்போதுதான் ஒழுங்காகச் சோதித்தேன். ரூகர் மார்க் 4 விஷயம் பலருக்கு நினைவிருக்கும். நெம்பு பாதியில் நிற்கும்போது டிரிகரை அழுத்திவிட்டு, அப்புறம் நெம்பைச் சுடும் நிலைக்குத் தள்ளினால் வெடிக்கக்கூடும் என்று, 2017 ஜூன் 1-க்கு முன் செய்த பிஸ்டல்களை கம்பெனியே திரும்ப அழைத்தது. என்னுடையது வேறு. ஆனாலும் காலிச் சேம்பரில் நெம்பைப் பாதியில் நிறுத்தி இருபது முறை பார்த்தேன். ஒழுங்காக இருந்தது.

டிரை ஃபயருக்கு ஸ்னாப் கேப், அதாவது பின் அடிப்பதைத் தாங்கும் டம்மி ரவுண்டு, தேடிய கதையும் உண்டு. சுவரில் திருகு மாட்டும் பிளாஸ்டிக் பிளக் போதும் என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதுகிறார்கள். லாங் பஜார் ஹார்டுவேர் கடையில் ஒரு பாக்கெட் வாங்கினேன். அவர்கள் ஊர் பிளக்கில் தலையில் ஒரு விளிம்பு இருக்கும் போல. நம் ஊர் பிளக் வழவழவென்று உள்ளே போய், சேம்பர் தாண்டி, குழாயில் உட்கார்ந்துகொண்டது. துடைக்கும் தடியை முன்பக்கமாக விட்டுத் தள்ளி எடுத்தேன். யாரும் முயற்சிக்க வேண்டாம்.

அடுத்தது டிரிகர். ஸ்டாண்டர்ட் பிஸ்டல் போட்டிக்கு டிரிகரை இழுக்கத் தேவைப்படும் எடை குறைந்தபட்சம் 1000 கிராம். என்னுடையது கிட்டத்தட்ட இரட்டிப்பு, பத்து நொடி சீரீஸில் ஐந்தாவது ஷாட்டுக்குள் விரல் களைத்துவிடுகிறது. அதே ரிப்பேர்காரரிடம்தான் போவேன். ஆனால் அதற்கு முன் மே மாதத்தைத் தாண்ட வேண்டும். 200 ரவுண்டு ஓடியது மார்கழிக் குளிரில். மதிய வெயிலில், தெர்மாகோல் பெட்டியில் ஒரு பாக்கெட், வண்டியில் வெறுமனே ஒரு பாக்கெட், இரண்டையும் தனித்தனி மேகசினில் போட்டு நோட்டில் எழுதுவதாக இருக்கிறேன். இண்டிகேட்டர் மட்டும் 150 ரவுண்டுக்கு மேல் இன்னமும் ஒட்டிக்கொள்கிறது, அதற்கு இயர் பட்ஸ்தான்.