டூப்ளிகேட்டைத் தடுப்பது டேபிளின் வேலை

டேட்டாபேஸ் டேபிளில் ஒரு ரோ ஏற்கனவே இருக்கிறதா என்று ஒரு செலெக்ட் (தேடும் கட்டளை) போட்டுப் பார், இல்லை என்றால் இன்சர்ட் (சேர்க்கும் கட்டளை) செய். நானும் பல வருடம் இப்படித்தான் எழுதினேன், ஒருவர் பட்டனை இரண்டு முறை அழுத்தி ஒரே ஆர்டர் இரண்டு ரோவாக விழும் வரை. சில மில்லி விநாடி வித்தியாசத்தில் வந்த இரண்டு ரிக்வெஸ்ட்டும் செலெக்ட் போட்டன, இரண்டுக்கும் 'இல்லை' என்றே பதில் கிடைத்தது, இரண்டும் இன்சர்ட் செய்துவிட்டன. லாஜிக்கில் தப்பைத் தேடி அரை நாள் போனது. தப்பு செலெக்ட்டுக்கும் இன்சர்ட்டுக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன இடைவெளியில் இருந்தது. இரண்டையும் ஒரே தொகுப்பாக ஓட்டும் டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்தாலும் ரீட் கமிட்டட் நிலையில் (முடித்துச் சேமிக்கப்பட்ட ரோக்கள் மட்டுமே கண்ணில் படும் நிலை) இதேதான் நடக்கும்.

அதனால் முதலில் டேபிளிலேயே யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே மதிப்பு இரண்டு ரோவில் வரக்கூடாது என்ற விதி) போடுங்கள். நீங்கள் எவ்வளவு கவனமாக எழுதினாலும் நாளைக்கு வேறொருவர் தனி ஸ்கிரிப்ட் வைத்து டேட்டா ஏற்றுவார், அதில் உங்கள் செக் இருக்காது.

அப்புறம், அதே மதிப்போடு இன்னொரு ரோ வந்து மோதினால் என்ன செய்வது? போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் 9.5 வெர்ஷன் முதல் ஆன் கான்ஃப்ளிக்ட் இருக்கிறது: டூ நத்திங் என்றால் புதிய ரோவை விட்டுவிடும், டூ அப்டேட் என்றால் பழையதைத் திருத்தும். எஸ்க்யூலைட்டிலும் 3.24 முதல் கிட்டத்தட்ட இதே எழுத்துமுறைதான். மைஎஸ்க்யூஎல்லில் ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்.

மைஎஸ்க்யூஎல்லின் இன்சர்ட் இக்னோரைப் பார்த்தால் மட்டும் எனக்குப் பயம். டூப்ளிகேட்டை மட்டும் தாண்டிப் போகும் என்று நினைத்துத்தான் எல்லோரும் போடுகிறார்கள், ஆனால் ஃபீல்டுக்குள் அடங்காத நீளமான பெயரை வெட்டிச் சேர்ப்பது, நல் (மதிப்பே இல்லாத நிலை) வரக்கூடாத இடத்தில் டீஃபால்ட்டை நுழைப்பது, ஃபாரின் கீ (வேறு டேபிளின் ரோவைச் சுட்டும் ஃபீல்டு) பொருந்தாத ரோவை விட்டுவிடுவது எனப் பல எர்ரர்களையும் வார்னிங்காக மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். வார்னிங்கை யார் படிக்கிறார்கள்? ரீப்ளேஸ் இன்னும் மோசம். அது அப்டேட் இல்லை, பழைய ரோவை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது. ஆட்டோ இன்க்ரிமென்ட் ஐடி (தானாக ஏறும் எண்) மாறிவிடும், ஆன் டெலீட் கேஸ்கேட் இருந்தால் அந்த ரோவை நம்பியிருந்த மற்ற டேபிள் ரோக்களும் சேர்ந்தே போய்விடும்.

டூ நத்திங்கோடு, சேர்த்த ரோவின் மதிப்பைத் திருப்பித் தரும் ரிட்டர்னிங்கையும் சேர்த்து ஐடியை எதிர்பார்க்கிறவர்களும் ஏமாறுவார்கள். மோதிய ரோவுக்கு எதுவும் திரும்பி வராது, தனியாகச் செலெக்ட் போட வேண்டும்.

கடைசியாக நல். இரண்டு ஃபீல்டு சேர்த்து யூனிக் போட்டு, அதில் ஒன்றின் மதிப்பு நல் என்று இருந்தால், போஸ்ட்கிரஸும் மைஎஸ்க்யூஎல்லும் ஒரு நல்லை இன்னொரு நல்லுக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை, டூப்ளிகேட் சாதாரணமாக உள்ளே வரும். போஸ்ட்கிரஸ் 15 முதல், நல்களையும் சமமாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் நல்ஸ் நாட் டிஸ்டிங்ட் என்று சேர்த்து எழுதலாம். பழைய வெர்ஷன் என்றால், முடிந்தவரை அந்த ஃபீல்டையே நாட் நல் ஆக்கிவிடுங்கள்.