நேர் நேர் தேமா

நான் 1974இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். அப்போது ஊருக்கு மாயூரம் என்றுதான் பெயர். மயிலாடுதுறை ஆனது 1982இல். நம் பள்ளி மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று பழைய மாணவியர் சங்கத்திலிருந்து கேட்டதும், ஆண்டு விழாவையும் விளையாட்டுப் போட்டியையும் மற்றவர்கள் எழுதட்டும், எனக்குத் தையல் டீச்சரை விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். ஐம்பது வருடத்துக்குப் பிறகு, அவர் சொல்லிக்கொடுத்த உல்லன் பின்னலை நான் நம் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இதை அவரிடம் சொல்ல ஆசை. அவர் இல்லை. அவரைத் தெரிந்த உங்களிடம் சொல்கிறேன்.

தரங்கம்பாடி ரயிலில் வந்தவர்களுக்கு என் முகம் ஞாபகம் இருக்கலாம். பொறையாறில் ஏறுவேன். திருக்கடையூர், ஆக்கூர், செம்பனார்கோயில், மன்னம்பந்தல் என்று ஒவ்வொரு ஊரிலும் நம் பள்ளித் தாவணிகள் ஏறும். உட்கார இடம் கிடைத்ததும் பெரிய வகுப்பு அக்காமார் பையிலிருந்து ஊசியையும் நூல் உருண்டையையும் எடுத்துவிடுவார்கள். நான் முதன்முதலில் கண்ணி போட்டது, அதாவது ஊசியில் நூலை வளையம் வளையமாக ஏற்றியது, அந்தப் பெட்டியில்தான். ஆக்கூர் தாண்டியதும் ஓர் அக்கா என் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு பத்துக் கண்ணி போட வைத்தார். மாயூரம் வருவதற்குள் பத்தும் கழன்றுவிட்டது. சாயங்கால ரயிலில் மறுபடியும் போட்டுக் கொடுத்தார். அந்த ரயில் நின்றுபோய் எத்தனையோ வருடமாகிறது. அந்த அக்காவின் பெயர் யாருக்காவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.

நம் வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று எல்லார் வீட்டிலும் கேட்டார்கள். டீச்சர் அதற்கு ஒரே பதில்தான் சொல்வார்: "ஐப்பசி அடைமழையில குழந்தை பொறக்காதா?" அவர் தரங்கம்பாடியில் படித்தவர். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கி, மறு வருடமே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்த ஊர் அது என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. முதல் வகுப்பிலேயே எல்லார் உள்ளங்கையிலும் குட்டிகூரா பவுடர் தட்டுவார். வியர்வைக் கையில் நூல் ஒட்டிக்கொண்டு நகராது. இன்றும் எனக்கு அந்த வாசனை வந்தால் விரல் தானாக மடங்குகிறது.

அலுமினிய ஊசி வாங்க முடியாதவர்கள் வகுப்பில் பாதிக்கு மேல். சைக்கிள் சக்கரத்துக் கம்பியை வெட்டி, முனையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துக்கொண்டு வருவோம். கண்ணி கழன்றுவிடாமல் இருக்க மறுமுனையில் என் தாத்தா அரக்கை உருக்கி மிளகளவு உருண்டை வைத்துத் தந்தார். அந்தக் கம்பி 2 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதில் பின்னினால் துணி பலகைபோல் இறுகும், ஒரு சாண் வளர்வதற்குள் மாதம் போய்விடும். ஆனால் கண்ணி ஒன்றுகூடப் பிசகாது. பின்னாளில் எனக்கு வந்த கைப்பக்குவத்துக்குக் காரணம் அந்தச் சைக்கிள் கம்பிதான் என்று நினைக்கிறேன்.

பின்னலில் இருப்பதே இரண்டு கண்ணிதான். ஒன்று முகம் தட்டையாக, வி எழுத்துபோல விழும். மற்றது புடைத்து, ஒரு மேடாக நிற்கும். முதலாவது நிட், மற்றது பர்ல் என்று டீச்சர் சொல்வார்; எங்களுக்கு எது எது என்று குழம்பும். ஒன்பதாம் வகுப்பில் தமிழ்ப் பிரிவேளைக்கு அடுத்தது தையல். ஒரு நாள் செய்யுளை நேர், நிரை என்று அசை பிரித்து அலகிட்டு முடித்த கையோடு வந்து உட்கார்ந்தோம். ரெண்டு நிட், ரெண்டு பர்ல் என்று டீச்சர் சொல்லச் சொல்ல, கடைசி பெஞ்சில் ஒருத்தி தனக்கு வசதியாக "நேர் நேர், நிரை நிரை" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் காதில் விழுந்துவிட்டது. திட்டப் போகிறார் என்று நினைத்தோம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படின்னா அது என்ன சீர்?" என்றார். வகுப்பே கத்தியது: "தேமா கருவிளம், டீச்சர்!"

அன்றிலிருந்து நம் பள்ளியில் பின்னல் முழுக்க வாய்பாட்டில்தான் நடந்தது. மறந்தவர்களுக்காக: நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். நிட் நேர், பர்ல் நிரை. இரட்டைப்படைக் கண்ணி போட்டுக்கொண்டு எல்லா வரிசையும் கூவிளம் கூவிளம் என்றே போனால் பட்டை பட்டையாக, இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்குகிற விளிம்பு கிடைக்கும். ஒரு வரிசை கூவிளம், திரும்பி வரும்போது புளிமா என்று மாற்றினால் மேடு மேலே மேடு வராமல், நாற்றங்காலில் விதைநெல் தெளித்ததுபோல் சிதறி நிற்கும். ஓர் அசை மாறினால் துணியின் குணமே மாறிவிடுகிறது. நான் நியூ ஜெர்சிக்கு வந்து முப்பது வருடம் பின்னியிருக்கிறேன், இங்குள்ள புத்தகங்களையும் பார்த்திருக்கிறேன். எனக்கு இதைவிடத் தெளிவான கணக்கை யாரும் சொல்லித் தரவில்லை.

இனி ஊருக்கு வருகிறேன். 2022 கார்த்திகையில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் மூன்று மாதம் பொறையாறு பக்கத்து எங்கள் வீட்டில் இருந்தேன். நடவு முடிந்து, மழை பிடித்துக்கொண்ட நேரம். அம்மா தூங்கும்போது திண்ணையில் உட்கார்ந்து பின்னுவேன். எதிர்வீட்டு மருமகள் இரண்டு நாள் வாசலில் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் குடையை மடக்கிவிட்டு ஏறி வந்து, "அக்கா, எனக்கும் அதைச் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டார். ஒரு வாரத்தில் ஒன்பது பேர் ஆகிவிட்டோம்.

எதிர்வீட்டு மருமகளின் பிறந்த ஊர் கூறைநாடு. கூறைப்புடவை நெய்த குடும்பம். என் கையிலிருந்ததை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: "இதுல பாவு எது, ஊடை எது?" நெடுக்கே ஓடும் பாவும் கிடையாது, குறுக்கே ஓடும் ஊடையும் கிடையாது, ஒரே நூல்தான் போய்த் திரும்பி வருகிறது என்றேன். குறுக்காக இழுத்தார், நீண்டது. விட்டார், பழையபடி வந்து நின்றது. "எங்க புடவையை இப்படி இழுத்தா எங்கப்பா கையை ஒடிச்சுடுவார்" என்று சிரித்தபடியே நாலைந்து தரம் இழுத்துப் பார்த்தார். அவருக்கு நூலின் இறுக்கத்தைப் பற்றி நான் ஒன்றுமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாவு பூட்டிப் பழகிய விரலுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

வயலில் நடுகிற பெண்களுக்குத் தாளம்தான் வேண்டியிருந்தது. "குத்து, சுத்து, இழு, இறக்கு": ஊசியைக் கண்ணிக்குள் குத்து, நூலைச் சுத்து, புதுக் கண்ணியை இழு, பழையதை இறக்கு. நாலு சொல். இரண்டாம் நாள் அவர்களே அதை நடவு மெட்டில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மழை ஓட்டில் விழுகிற சத்தமும், ஒன்பது ஜோடி ஊசியும், அந்த மெட்டும் சேர்ந்து கேட்டபோது நான் பின்னுவதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அம்மா, "யாரு நாத்து நடறாங்க?" என்று கேட்டாள்.

ஒருவருக்கு 20 கண்ணி 27 ஆகிவிட்டது. துணி முறம்போல அகலமாகிக்கொண்டே போக, அவர் பயந்துபோய் அதை மடியில் மறைத்து வைத்திருந்தார். எனக்கு அது நன்றாகத் தெரிந்த தப்பு. வரிசை தொடங்கும்போது நூல் ஊசிக்கு மேலேறிப் பின்னால் போனால், முதல் கண்ணியின் இரண்டு காலும் தூக்கிக்கொண்டு, பார்க்க இரண்டு கண்ணிபோல் நிற்கும். தெரியாமல் இரண்டையும் பின்னிவிடுவோம். நூலை ஊசிக்கு அடியால் பின்பக்கம் கொண்டுபோனால் ஒன்று ஒன்றாகவே இருக்கும். நான் அவர் கையைப் பிடித்து அந்த நூலைக் கீழே தாழ்த்தினேன். இரண்டாகத் தெரிந்தது ஒன்றானது. அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் எத்தனை கடல் வேண்டுமானாலும் தாண்டி வருவேன்.

அதே தெருக்கோடியில் ஓர் அண்ணன் இருக்கிறார். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடலுக்குள் போகாதவர். கரையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வலை சரிபார்த்துக் கொடுப்பார். பேத்தியைக் கூட்டிப்போக வந்தவர் திண்ணை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, முடிச்சே இல்லையே இதுல? ஒரு கண்ணு விட்டா அம்புட்டும் ஓடிடாதா?" என்றார். வலையில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு முடிச்சு உண்டு. ஓரிடத்தில் அறுந்தால் அந்த இடம் மட்டும்தான் போகும். பின்னலில் ஒரு கண்ணி நழுவினால் ஏணிப்படி மாதிரி அடிவரைக்கும் இறங்கிவிடும். ஆமாம் அண்ணே, ஓடும் என்றேன். நழுவிய கண்ணியைக் கொக்கி ஊசியால் படி படியாக மேலே ஏற்றுவதை ஒரு தரம் செய்து காட்டினேன். "கொடு" என்று வாங்கிக்கொண்டார். எட்டு வரிசை இறங்கியிருந்ததை மூச்சுவிடும் நேரத்தில் மேலே கொண்டுவந்துவிட்டார். அன்றிலிருந்து யாருக்குக் கண்ணி நழுவினாலும் என்னிடம் வருவதில்லை. நேரே அண்ணனிடம்தான். அவரும் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். மெதுவாகப் பேசவும் ஆரம்பித்தார். ஊசியைத் தானாகப் பின்னவும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிறந்த குழந்தைத் தொப்பி பின்னித் தரலாம் என்று முடிவு செய்தோம். நர்ஸம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: ஓட்டை வைத்த பூப்பின்னல் வேண்டாம், விரல் மாட்டிக்கொள்ளும், பொத்தான், குஞ்சம் எதுவும் வேண்டாம். 72 கண்ணி, விளிம்புக்குத் தேமா கருவிளம், மேலே ஒரு வரிசை முழுக்க நேர், மறு வரிசை முழுக்க நிரை. ஒரு தொப்பிக்கு 30 கிராம் நூல். பதினொன்று பின்னிக் கொண்டுபோனோம். நர்ஸம்மா ஒரு குழந்தைக்குப் போட்டுப் பார்த்தார். தொப்பி மூக்குவரை இறங்கியது.

தப்பு என்னுடையது. நான் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோன ஊசியில் 8 என்று போட்டிருந்தது. நம் ஊரில் 8ஆம் நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் அதே 8, 5 மில்லிமீட்டர். அமெரிக்காவில் நம்பர் ஏற ஏற ஊசி கனக்கும், நம் ஊரில் நம்பர் ஏற ஏற மெலியும். 33 சென்டிமீட்டர் சுற்றளவில் வர வேண்டிய தொப்பி 40க்கு வந்துவிட்டது. தெரிந்திருக்க வேண்டியவள் நான், பார்க்காமல் விட்டேன். அவர்களுடைய மூன்று வார உழைப்பு.

அன்று சாயங்காலம் எல்லாரும் திண்ணையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு டீச்சர் ஞாபகம் வந்தது. நாம் தப்பாகப் பின்னியதை அவர் பிரிக்கும்போது எப்படிப் பிரிப்பார், நினைவிருக்கிறதா? வெடுக்கென்று இழுக்க மாட்டார். நூல் நுனியை நம் கையில் கொடுத்து, "நீ இழு, நான் சுத்தறேன்" என்பார். எதிரெதிரே உட்கார்ந்து, நாம் இழுக்க இழுக்க அவர் உருண்டையாகச் சுற்றுவார். உருண்டை பெரிதாகும்போது அழுகை நின்றுவிடும். நான் அண்ணன் பேத்தியின் தொப்பியை எடுத்து நுனியை அவளிடம் கொடுத்தேன். அதே சொல்லைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் திண்ணை முழுக்க ஜோடி ஜோடியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். முழங்கையில் சுற்றி, நனைத்து, கொடியில் தொங்கவிட்டால் நீளும். மறுநாள் எங்கள் முற்றத்துக் கொடியில் பதினொரு நிறத்தில் நூல் தொங்கியது. பொங்கலுக்கு முன் சரியான ஊசியில் பதினெட்டுத் தொப்பி கொடுத்தோம்.

அந்தப் பேத்தி ஒன்பதாம் வகுப்பு. முதலில் என்னைப் பாட்டி என்றுதான் கூப்பிட்டாள். தேமா கருவிளத்தைச் சொன்ன அன்று அவள் கண் பெரிதானது. "இதெல்லாம் பரீட்சைக்குத்தானேன்னு நெனச்சேன்" என்றாள். அதற்குப் பிறகு டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் ஒரு நாளும் டீச்சராக இருந்ததில்லை, அலுவலகத்தில் கணக்கெழுதியவள். திருத்த மனம் வரவில்லை.

அடுத்த ஜனவரியில், இங்கே பனி முழங்கால் அளவு கிடந்த ஒரு காலையில், அவள் தாத்தாவின் போனிலிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் யாரோ "குத்து, சுத்து" சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. "டீச்சர், நீங்க ஈரசைச்சீரோட நிறுத்திட்டீங்க. நான் மூவசைச்சீர் போட்டுப் பாத்தேன். புளிமாங்காய், நிரை நேர் நேர். ஆனா திரும்பி வர்றப்ப அதையே போட்டா கோடு கலைஞ்சு போவுது. தலைகீழா யோசிச்சேன். அந்தப் பக்கம் நேர் நிரையாத் தெரியும், நிரை நேராத் தெரியும். அப்ப திரும்பி வர்றப்ப நிரை நிரை நேர் போடணும். கருவிளங்காய்! 72ஐ மூணால வகுத்தா மிச்சமே இல்ல, டீச்சர். போட்டுப் பாத்துட்டு சொல்றீங்களா?"

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஊசியை எடுத்து, பவுடர் டப்பாவைத் தேடி உள்ளங்கையில் தட்டிக்கொண்டு, 72 கண்ணி போட்டேன். போகும்போது புளிமாங்காய், வரும்போது கருவிளங்காய். நாலாவது வரிசையில் கோடு பிடிக்கத் தொடங்கியது.